கிரில் திறக்கும் சத்தம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ஒலிப்பதிவு வேலையைப் பற்றி உங்கள் முன்னால் வந்து பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. கல்யாண வீட்டில்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பந்தி முடிந்ததும் நழுவிவிடுகிற ஆள் நான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பேசவைத்தே காலம் போய்விட்டது. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். நடை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைக்கை எங்கே வைப்பது, எந்தப் பொத்தான் எதற்கு என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். வலது காது மந்தமாகி நான் வேலையை விடுவதற்கு முன்பே கணினி பாதி வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. அது எடுத்துக்கொள்ளாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வாசிப்பவர்கள் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு இழுப்பார்கள். அந்த மூச்சை வெட்டி எடுப்பது நம் வேலை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் குரல் கழுவித் துடைத்ததுபோல இருக்கும். அதைத்தான் நாம் ‘சுத்தமா இருக்கு’ என்கிறோம். தீபாவளி விளம்பரத்துக்கு அந்தச் சுத்தம் வேண்டும். அதே பழக்கத்தில் கதைக்கும் வெட்டுகிறோம். வெட்ட வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டும். ஹெட்போனில் எல்லாம் வரும். ஒருவர் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பது, சளி, வீட்டில் நடந்த சண்டை, எல்லாமே வார்த்தைக்கு முன்னால் மூச்சில் வந்துவிடும். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

நான் சேர்ந்த காலத்தில் வானொலி நாடகத்தில் புருஷன் பெண்டாட்டியை அறையும் காட்சி வந்தால், நனைந்த துண்டை மேசையில் ஓங்கி அடிப்போம். உடனே வயலின் வரும். அவள் அழுவாள். கடைசிக் காட்சியில் அவன் திருந்திவிடுவான். யார் துண்டு அடித்தால் நன்றாக இருக்கிறது என்று எங்களுக்குள் போட்டி நடக்கும். இப்போது எழுதுகிறவர்கள் அப்படி எழுதுவதில்லை. அதனால் நம் வேலையும் மாற வேண்டியிருந்தது. எப்படி மாறியது என்பதைச் சொல்ல கலாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்போது நம் ஒலிப்பதிவுக் கூடம் பிரிக்ஃபீல்ட்ஸில், பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் சின்னதாக இருந்தது. கைப்பேசியில் கேட்பதற்காகத் தமிழ் நாவல்களைக் குரலில் பதிவு செய்துகொண்டிருந்தோம். நடத்தியவர் சேகர் அண்ணன். நல்ல மனிதர், நல்ல ரசிகர். சத்தம் போட்டுப் பேசுவார், உடனே மறந்துவிடுவார். நாவலை எழுதியவர் கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை. நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவோம்.

அந்த நாவலில் ஓர் இடத்தில்கூட அடி விழாது. அடியெல்லாம் நாவல் தொடங்குவதற்கு முன்பே விழுந்து முடிந்திருக்கும். வசந்தா என்ற பெண் வீட்டுக்குள் உட்கார்ந்து வாசலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். புருஷன் பூட்டைக் கழற்றும் விதத்தை வைத்து, அன்றைக்குப் பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்வாள். பக்கத்து வீட்டு கிரில் கதவு திறந்தாலும் அவள் கை அடுப்பை நோக்கிப் போகும்.

சேகர் அண்ணனுக்கு அது போதவில்லை.

“ஒரு அறையாச்சும் வேணும் டீச்சர். கேக்குறவனுக்குப் புரியணும்ல?”

“அடிக்கிறது கொஞ்ச நேரம் சேகர். மிச்ச நேரமெல்லாம் காதக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் மிச்ச நேரத்தத்தான் எழுதியிருக்கேன்.”

“சரி லா, நீங்க எழுதினா கரெக்டாத்தான் இருக்கும்,” என்று அவர் விட்டுவிட்டார்.

வாசிக்க வந்தவர்தான் கலா. கிள்ளானிலிருந்து வருவார். குரல் அவ்வளவு தெளிவு. பண்டிகைக் கால விளம்பரங்களில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். புருஷன் ரவி தினமும் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே மாமாக் டீக்கடையில் காத்திருப்பார். மாலையில் கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு மேலே வருவார். “பாஸ், சூடா இருக்கு, ஆறிப்போறதுக்குள்ள சாப்டுங்க,” என்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தாளில் சுற்றிக் கொடுப்பார். “இந்தக் காலத்துல பொண்டாட்டிக்காக யாரு இப்படி வெயிட் பண்றா? தங்கமான மனுசன்,” என்று சேகர் அண்ணன் அவர் போன பிறகு சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மைக்குக்கு முன்னால் உட்காரும்போது வளையலைக் கழற்றச் சொல்வோம் அல்லவா? கலாவும் கழற்றி வைப்பார். கை சுத்தமாக இருந்தது. தழும்பு, காயம் எதுவும் இல்லை. ஆனால் இடைவேளையில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன் அவர் மூச்சு நின்றுவிடும். பேசி முடித்துப் போனை வைத்த பிறகுதான் மறுபடி வரும். தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால்கூட, “சாரிண்ணே, சாரி,” என்று இரண்டு மூன்று முறை சொல்வார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். நானும் கூச்சக்காரன். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவில்லை.

சத்தங்களைப் பிறகு சேர்ப்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். சேகர் அண்ணன் வழி வேறு. வாசிக்கும்போதே வாசிப்பவர் காதில் சத்தத்தை விடச் சொல்வார். அப்போதுதான் குரல் உண்மையாக வரும் என்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. இந்த நாவலுக்காக ஸ்ரீ கெம்பாங்கானில் என் வீட்டு வாசலில் நானே பதிவு செய்திருந்தேன். கார் நிற்கும். சாவிக்கொத்து குலுங்கும். பூட்டு கழலும். கிரில் கரகரவென்று ஒரு பக்கம் நகரும்.

பத்தாவது அத்தியாயம் பதிவு செய்த நாளில் டீச்சரும் வந்திருந்தார். கலா அழகாக வாசித்துக்கொண்டு வந்தார். வசந்தா சமையலறையில் நிற்கும் இடம் வந்தது. நான் சத்தத்தை விட்டேன்.

கலா நிறுத்திவிட்டார். கையிலிருந்த தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கினார். தண்ணீர் பாட்டிலை மேசையின் விளிம்புக்கு நேராக வைத்தார். இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கண் பதிவறையின் கதவிலேயே இருந்தது. பிறகு மிகவும் சின்னக் குரலில் சொன்னார்:

“சூடாத்தான் இருக்குங்க. இப்பதான் எறக்குனேன்.”

கையில் இருந்த தாளில் அப்படி ஒரு வரி இல்லை. பூட்டு கழன்றதிலிருந்து அதைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் ஒரு மூச்சுகூட விடவில்லை.

சேகர் அண்ணன் தொடையில் தட்டினார். “ஐயோ, கேட்டீங்களா!”

“அது நான் எழுதினது இல்ல,” என்றார் டீச்சர்.

“தெரியும் டீச்சர், அதுதான் அழகே. சொந்தமாப் போட்டு அடிக்குது பாருங்க. மணியம், இன்னொரு தடவ போடு. சத்தத்தக் கொஞ்சம் கூட்டிக்க.”

என் விரல் பொத்தானில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலா இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே யாரும் இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹேங் ஆயிருச்சுண்ணே,” என்றேன்.

“இப்பவா? உன் மிஷினுக்கு நேரங்காலமே தெரியாது லா,” என்று திட்டிவிட்டு அவர் சிகரெட் பிடிக்க வெளியே போனார். டீச்சர் எழுந்து பதிவறைக்குள் போய் கலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மைக் திறந்திருந்தது. ஹெட்போன் என் காதில் இருந்தது.

“டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?” என்றார் கலா. “இந்த அத்தியாயம் முடியறப்ப வசந்தா கிரில்கிட்ட நிக்கிறா. அடுத்ததுல ஈப்போவுல டெய்லர் கட வச்சிருக்கா. நடுவுல என்ன ஆச்சு? அவ ஐசி கார்ட யாரு எடுத்துக் குடுத்தா? புள்ளய எப்படிக் கூட்டிட்டுப் போனா? மொத ராத்திரி எங்க படுத்தா? நான் அதத்தான் தேடித் தேடிப் படிச்சேன். அங்க ஒண்ணுமே இல்ல.”



“எனக்குத் தெரியாதும்மா,” என்றார் டீச்சர். “நான் போகல. அவரு செத்தாரு.”

அப்போதுதான் நான் வால்யூமை இறக்கிவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன். தம்பிகளே, தங்கைகளே, மைக் திறந்திருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கேட்க நமக்கு உரிமை கிடையாது. கேட்டவரைக்கும் போதும் என்று இறக்கிவிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான். டீச்சர் பின்பக்கப் படிக்கட்டைக் கை காட்டினார். கலா தலையை ஆட்டி மறுத்தார். பிறகு ஏதோ சொன்னார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

என்ன பேசினார்கள் என்பதை டீச்சர் பின்னால் சொன்னார். நம் கூடத்துக்குப் பின்பக்கமாக ஒரு படிக்கட்டு உண்டு, சாமான் ஏற்றுவதற்கு. அது பின் சந்தில் இறங்கும். டீச்சரின் கார் அங்கேதான் நின்றது. “இப்பவே வா,” என்றிருக்கிறார். கலாவின் மகள் மாமியார் வீட்டில் இருந்தாள். அடையாள அட்டையான ஐசி ரவியின் பர்ஸில் இருந்தது. “நாளைக்கு ஸ்கூல் லீவு டீச்சர். ரெக்கார்டிங் பாக்கணும்னு சொல்லிப் புள்ளயக் கூட்டிட்டு வரேன். நாளைக்குப் போயிரலாம். ஐசி இல்லாட்டியும் பரவால்ல,” என்று கலா சொன்னாராம். நாவலில் விட்டுப்போன இடத்தை இரண்டு பேரும் சேர்ந்து அங்கேயே கொஞ்சம் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு நாள் மட்டும் தாண்ட வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்கு ரவி சீக்கிரமாகவே மேலே வந்துவிட்டார். கையில் கறிபாப் பெட்டி.

நம் இடத்தில் ஒரு மரியாதை உண்டு. வாசிப்பவரின் வீட்டிலிருந்து யாராவது வந்தால், அன்றைக்கு நன்றாக வந்த டேக் பதிவைப் போட்டுக் காட்டுவோம். அம்மா, அப்பா, பிள்ளைகள் வந்து கேட்டுவிட்டுப் பூரித்துப் போவார்கள். சேகர் அண்ணனுக்கு அதில் தனி சந்தோஷம்.

“வாங்க ரவி! ஒங்க வீட்டுக்காரம்மா இன்னிக்கு எங்களயே மெரட்டிட்டாங்க. புருசன் வர்ற சத்தம் கேட்டு நடுங்குனாங்க பாருங்க, அப்படியே நெசம்! பேப்பர்ல இல்லாத டயலாக்லாம் சொந்தமாப் போட்டாங்க.”

“அப்படியா?” ரவி சிரித்தார். “என்னா சொன்னா?”

“நான் என்னத்தச் சொல்றது, நீங்களே கேளுங்க. மணியம், அந்த டேக்கப் போடு.”

கலா தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு பதிவறை வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கறிபாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் அண்ணன் ரவிக்கு நாற்காலி எடுக்கத் திரும்பினார். ரவி எனக்குப் பக்கத்தில் நின்று கலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சென்ட் வாசனை.

அந்த வரி அவர் வீட்டு வரி. அதைக் கேட்டால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். இவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. யோசிக்க நேரம் இல்லை. டேக்கைத் தேர்ந்தெடுத்தேன். அழித்தேன். கணினி ‘நிச்சயமாகவா’ என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

“அது போயிருச்சுண்ணே. ஹேங் ஆனப்ப சேவ் ஆகல.”

சேகர் அண்ணன் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். இத்தனை வருட அனுபவம் எதற்கு, கறிபாப் தின்னவா என்று கேட்டார். நம் தொழிலில் டேக்கை அழிப்பதைவிடப் பெரிய தப்பு கிடையாது. திட்டட்டும் என்று குனிந்திருந்தேன். அவர் திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாகவே இருந்தது. தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

ரவிதான் அவரைச் சமாதானப்படுத்தினார்.

“விடுங்க பாஸ், பாவம். மிஷின் தானே.” கலாவின் தோளில் கை வைத்தார். “வீட்டுக்குப் போயி நானே கேட்டுக்கிறேன். என்னமோ சொந்தமாச் சொன்னியாமே. எனக்கும் ஒரு தடவ சொல்லிக் காட்டு.”

“சரிங்க,” என்றார் கலா.

இரண்டு பேரும் முன் படிக்கட்டில் இறங்கிப் போனார்கள். மேசையில் கறிபாப் இருந்தது. யாரும் தொடவில்லை.

அவர்கள் போன பிறகு டீச்சர் சேகர் அண்ணனிடம் சொன்னார். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா,” என்றார் என்னைப் பார்த்து. எப்போது சொல்வது? அவர் சிகரெட் பிடித்துவிட்டு வருவதற்கும் ரவி மேலே வருவதற்கும் நடுவில் நேரமே இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு பெண் நன்றாக வாசித்ததை அவள் புருஷனிடம் பாராட்டிச் சொன்னார். அவர் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் டீச்சர் காலையிலேயே வந்து பின் சந்தில் காரை நிறுத்தினார். மாலை வரை காத்திருந்தார். கலா வரவில்லை. கலாவுக்கு உடம்பு சரியில்லை, இனிமேல் வேலைக்கு அனுப்பப்போவதில்லை என்று ரவி போனில் மரியாதையாகச் சொன்னார். அதற்குப் பிறகும் எனக்குப் போன் செய்தார். “பாஸ், அந்த டேக் கெடைச்சுதா? தேடிப் பாருங்களேன்,” என்பார். இல்லை என்பேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேட்பார். வீட்டில் அவருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அல்லது கிடைத்த பதில் போதவில்லை.

டீச்சர், பெண்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றில் இருந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு கிள்ளானில் அவர்கள் வீட்டுக்குப் போனார். கலா கிரிலுக்கு உள்ளே நின்று, ஒன்றும் பிரச்சினை இல்லை, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று சொன்னாராம். அடுத்த முறை போனபோது வீடு காலி. செமினி பக்கம் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்தத் தாமான் குடியிருப்பு, எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நாவலை வேறொரு பெண் வாசித்து முடித்தார். டீச்சர் விட்டுப்போன இடத்தை எழுதிக் கொண்டுவந்தார். வீட்டை விட்டுப் போன பெண்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதியது. எதை முதலில் எடுத்துக்கொள்வது, ஐசி இல்லாவிட்டால் என்ன சொல்வது, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் யாரிடம் பேசுவது, பிள்ளையை எந்த நேரத்தில் கூட்டிக்கொள்வது. கதைபோல இல்லை. சேகர் அண்ணன் ஒரு வார்த்தையும் வெட்டவில்லை. பின்னால் எந்தச் சத்தமும் வேண்டாம் என்றேன், சரி என்றார். அந்தப் பகுதி கதை ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று கேட்டவர்கள் எழுதினார்கள். பலர் அதைத் தாண்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனதைக் கணினி காட்டியது. ஒரு சிலர் அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். யார் என்று கணினி சொல்லாது.

நான் டேக்கை அழித்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால் கலாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நாம் சரியாக நடந்துகொண்டால் கடைசிக் காட்சி நன்றாக முடியும் என்பது பழைய நாடகங்களில் நாம் போட்டு வைத்தது. வேலையில் அதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். நம்பாமலேயே சரியாக நடந்துகொள்ளுங்கள்.

சத்தங்கள் இருக்கும் கோப்பில் என் வீட்டு கிரில் சத்தம் இருக்காது. எடுத்துவிட்டேன். உங்களுக்குத் தேவைப்பட்டால் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ஒருவர் காதில் அதை விடுவதற்கு முன்னால், விடலாமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்வதற்கு முன் வருகிற மூச்சையும் கேளுங்கள். நன்றாக வந்த டேக்கை வீட்டார் முன்னால் போட்டுக் காட்டும் மரியாதையை நாங்கள் அன்றோடு விட்டோம். நீங்களும் ஆரம்பிக்க வேண்டாம்.

வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது.

“பாஸ், ஞாபகம் இருக்கா? ரவி. சும்மாதான் கூப்ட்டேன். நீங்கள்லாம் கலாவப் பத்தி ரொம்பக் கவலப்படுறதா கேள்விப்பட்டேன். இந்தா, அவகிட்டயே பேசுங்க.”

நல்ல காதுக்குப் போனை மாற்றிக்கொண்டேன்.

“நல்லா இருக்கேண்ணே. நீங்க நல்லா இருக்கீங்களா? புள்ள நல்லாப் படிக்குது. எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க. டீச்சரையும்.”

விளம்பரத்தில் கேட்ட அதே குரல். அதே தெளிவு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எதுவும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்ததுபோல இருந்தது.

ரவி போனை வாங்கிக்கொண்டார். “எப்படி இருக்கு பாஸ் வாய்ஸ்? அப்படியே இருக்கா?”

வேறு எதைச் சொன்னாலும் அவர் அதைக் கொண்டுபோய்க் கலாவிடம் கேட்பார்.

“சுத்தமா இருக்கு,” என்றேன்.